உப்பிய டிரம்: பிறையில் ஒரு கழிவுக் கிடங்கு விபத்தும் அதற்குப் பின் நடந்த பயிற்சியும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறைத் தொழிற்பேட்டையில் ஒரு நடுத்தரக் கம்பெனி. உலோகப் பாகங்களை அமிலத்தில் கழுவிச் சுத்தமாக்கி, பாலம் தாண்டி பாயான் லெப்பாஸில் இருக்கும் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆட்களின் பெயரும் வேண்டாம். விபத்துக்குப் பிறகு, அங்கே ஆபத்தான கழிவைக் கையாளுபவர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சியைத் திருத்தி அமைக்க என்னைக் கூப்பிட்டார்கள். அப்போது பார்த்ததையும் கேட்டதையும் வைத்து எழுதியது இது. ஒப்பந்த ஆட்களை வைத்து வேலை வாங்கும் எந்தக் கம்பெனியிலும் இது நடக்கலாம் என்பதால்தான் எழுதுகிறேன்.

அன்று காலை

இரவு ஷிஃப்ட் முடிந்து காலை ஷிஃப்ட் ஏறும் நேரம். ஸ்டோர் அண்ணன் வழக்கம்போல் கழிவுக் கிடங்கின் கதவைத் திறந்தார். ஐம்பதைத் தாண்டியவர், அந்தக் கம்பெனியில் பழைய ஆள். உள்ளே ஒரு நீல நிற 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் பக்கவாட்டில் உப்பியிருந்தது. மேல்மூடியின் மரையோரத்தில் செம்பழுப்பாகப் புகை கசிந்தது. மூக்கில் ஏறும் காரமான நெடி. அவர் கிட்டப் போகவில்லை. வெளியே வந்து கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, யாரும் உள்ளே போக வேண்டாம் என்று சத்தம் போட்டார். அதுவரை எல்லாம் சரி.

அடுத்து வந்தவர் லைன் சூப்பர்வைசர். கிடங்கு, உற்பத்திக்கூடத்தின் பின்சுவரை ஒட்டி இருந்தது. புகை உள்ளே வந்தால் லைனை நிறுத்த வேண்டிவரும். டிரம்மை வெளியே திறந்தவெளிக்குக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று முடிவெடுத்து, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தம்பியைக் கூப்பிட்டார். ஜாவி பக்கத்துப் பையன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 'அண்ணே சொல்றாரு, செஞ்சிட்டேன்' என்றுதான் பிறகு என்னிடம் சொன்னான்.

அடியில் இருந்த பேலட் பலகையோடு டிரம்மைத் தூக்கித் திருப்பியபோது மூடி பிய்த்துக்கொண்டு பறந்தது. அமிலமும் புகையும் சேர்ந்து பீய்ச்சியடித்தன. தம்பி குதித்து ஓடினான். கால்சட்டையில் தெறித்தது கொஞ்சம்தான். ஆனால் அந்தப் பழுப்புப் புகையை இரண்டு மூன்று மூச்சு நன்றாக இழுத்துவிட்டான். ஸ்டோர் அண்ணன் அவனை அவசரக் குளியல் குழாய்க்கு இழுத்துப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். பக்கத்தில் இருந்த கண் கழுவும் குழாயின் முன்னால் காலிப் பலகைகள் அடுக்கியிருந்தன. நல்லவேளை, கண்ணில் எதுவும் படவில்லை.

இதற்குள் வேறொருவர் நல்ல எண்ணத்தில், ஏதாவது சிந்தினால் எடுக்க வைத்திருந்த கசிவுப் பெட்டியில் இருந்த மரத்தூள் மூட்டையைத் தரையில் கிடந்த அமிலத்தின் மேல் கொட்டினார். மரத்தூள் கறுத்துப் புகைய ஆரம்பித்தது. பொம்பா (தீயணைப்புத் துறை) ஆட்கள் வந்து எல்லாரையும் வாசல்வரை விரட்டிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்த்தார்கள்.

தம்பியைக் கிளினிக்கில் காட்டினார்கள். இருமல் லேசாக இருந்தது. காலில் சிவந்த இடத்துக்கு மருந்து போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிளினிக்கில் யாரும் புகை என்ன நிறம் என்று கேட்கவில்லை, கூடப் போனவரும் சொல்லவில்லை. அன்று ராத்திரி அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மருத்துவமனையில் சேர்த்து ஆக்சிஜன் வைக்க வேண்டியதாயிற்று. பிழைத்து வேலைக்கும் திரும்பிவிட்டான். ஆனால் அந்த முதல் நாள் பகல் முழுக்க அவன் வீட்டில் படுத்துக்கொண்டு கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது.

டிரம்முக்குள் நடந்தது

அந்தக் கம்பெனியில் முக்கியமாக இரண்டு வகைக் கழிவு. ஒன்று, பாகங்களைக் கழுவித் தீர்ந்த நைட்ரிக் அமிலம். இன்னொன்று, கடைசியாகத் துடைக்கப் பயன்படுத்தும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். லைனில் எல்லாரும் ஐபிஏ என்றுதான் சொல்வார்கள். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு (ஆபத்தானது என்று அரசு பட்டியலிட்ட கழிவு) விதிமுறைகளில் ஐந்து பிரிவுகளில் 77 வகைக் கழிவுகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. தீர்ந்த அமிலத்துக்கு அதில் எஸ்டபிள்யூ 206 என்று குறியீடு. ஐபிஏ போன்ற ஹாலஜன் இல்லாத கரைப்பான் கழிவு எஸ்டபிள்யூ 322. அமிலம் நீலப் பிளாஸ்டிக் டிரம்மிலும், ஐபிஏ இரும்பு டிரம்மிலும் போக வேண்டும் என்பது கம்பெனி ஏற்பாடு. எதையெதை ஒன்றாகச் சேர்க்கக் கூடாது என்பதற்கு விதிமுறையின் நான்காம் அட்டவணையே இருக்கிறது.

நைட்ரிக் அமிலம் வெறும் அமிலம் மட்டுமல்ல, ஆக்சிஜனை வாரிக் கொடுக்கும் பொருள். ஆல்கஹாலோடு சேர்ந்தால் அதை ஆக்சிஜனேற்றம் செய்து சூட்டைக் கிளப்பும். நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை வெளியேற்றும். பழுப்புப் புகை என்பது நைட்ரஜன் டை ஆக்சைடு. இதில் மோசமான விஷயம் என்னவென்றால், ஊற்றிய நொடியில் பெரிதாக எதுவும் தெரியாமல் போகலாம். முதலில் மெதுவாக நடக்கும். சூடு ஏற ஏற வேகம் பிடிக்கும், வேகம் பிடிக்கப் பிடிக்கச் சூடு ஏறும். ஊற்றியவர் வேலை முடித்து, பேருந்து பிடித்து, வீட்டில் தூங்கப் போன பிறகுதான் டிரம் உப்பும். அன்று நடந்ததும் அதுவே.

நைட்ரஜன் டை ஆக்சைடு நுரையீரலில் செய்யும் வேலையும் அதே மாதிரி தாமதமானது. தொண்டையில் ஒரு கரகரப்பு, சிறு இருமல், அவ்வளவுதான் என்று தோன்றும். பல மணி நேரம் கழித்து, சில சமயம் ஒரு நாள் கடந்தும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால் பழுப்புப் புகையைச் சுவாசித்தவரை நன்றாக இருக்கிறார் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பவே கூடாது; மருத்துவக் கண்காணிப்பில் வைக்க வேண்டும். இந்த ஒரு தகவல் அந்தக் கம்பெனியின் பயிற்சித் தாள்களில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

கோப்பு சுத்தமாக இருந்தது

விபத்து என்றதும் எல்லாரும் எதிர்பார்ப்பது குப்பையாகக் கிடக்கும் ஒரு கம்பெனியை. இது அப்படி இல்லை. கிடங்குக்குக் கூரை இருந்தது, பூட்டு இருந்தது, கசிந்தால் வெளியே ஓடாதபடி தரையில் திட்டு கட்டியிருந்தார்கள். கழிவு 180 நாளைத் தாண்டவோ 20 டன்னைத் தாண்டவோ விட்டதில்லை. கணக்கெல்லாம் இணையப் பதிவில் ஏற்றப்பட்டிருந்தது. சுற்றுச்சூழல் துறை கேட்கும் தகுதிச் சான்று பெற்ற அதிகாரி ஒருவரும் இருந்தார். நல்ல பொறியாளர், தமிழர்தான்.

பயிற்சிக் கோப்பையும் பார்த்தேன். வருகைத்தாள், கையெழுத்து, பயிற்சி நடக்கும் புகைப்படம், முடிவில் இருபது கேள்வித் தேர்வு, எல்லாருக்கும் நல்ல மதிப்பெண். விதிமுறை 15 என்ன சொல்கிறது என்றால், கழிவை அடையாளம் காண்பது, கையாள்வது, பெயரொட்டுவது, கொண்டுபோவது, சேமிப்பது, சிந்தினால் சமாளிப்பது ஆகியவற்றில் ஈடுபடும் தன் ஊழியர்கள் எல்லாரும் பயிற்சிக்குப் போவதைக் கழிவை உண்டாக்குபவர் உறுதிசெய்ய வேண்டும். கம்பெனி அதைப் படித்து, ஸ்டோர் ஆட்கள், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்கள், சூப்பர்வைசர்கள் என்று பட்டியல் போட்டது. தணிக்கைக்கு வந்தவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

'தன் ஊழியர்கள்' என்ற இடத்தில்தான் ஓட்டை. டிரம்மில் ஐபிஏவை ஊற்றியவர் அந்தக் கம்பெனியின் ஊழியரே இல்லை.

அக்கா சொன்னது

துப்புரவு ஒப்பந்தக் கம்பெனியின் ஆள் அவர். நிபோங் திபால் பக்கம் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். தோட்டம் போன பிறகு அடுக்குமாடி, தொழிற்சாலை வேலை. இரவு ஷிஃப்டில் தரை துடைப்பது, கழிவறை கழுவுவது, குப்பை எடுப்பது என்றுதான் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. கழிவு என்ற வார்த்தையே அதில் கிடையாது.

ஆனால் ஷிஃப்ட் முடியும்போது லைனில் இருப்பவர்கள், 'அக்கா, இதையும் அப்படியே கொண்டு போயிடுங்க' என்று ஐபிஏ வாளியை நீட்டுவார்கள். வருடக்கணக்காக அப்படித்தான். கிடங்குச் சாவி இரவில் காவலரிடம் இருக்கும். அவர் திறந்து விடுவார். அக்கா ஊற்றிவிட்டு வருவார். யாரும் உத்தரவு போடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. நாளாக ஆக அது அவர் வேலையாகிவிட்டது.

அன்று ராத்திரி இரும்பு டிரம் நிறைந்திருந்தது. பக்கத்தில் ஒரு நீல டிரம். மேலே பெயர்த்தாள் இல்லை, கிழித்த தடம்தான் இருந்தது. மார்க்கரில் காலி என்று மலாயில் பெரிதாக எழுதியிருந்தது. அக்காவுக்கு மலாய் நன்றாகப் படிக்க வரும். காலி என்று போட்டிருந்ததால் ஊற்றினார். அப்புறம் மூடியை இறுக்கித் திருகினார். ஏன் அவ்வளவு இறுக்கம் என்று கேட்டேன். 'முன்னாடி ஒரு தடவ மூடிய சரியா மூடலன்னு ஏசிட்டாங்க தம்பி. அதுல இருந்து நல்லா இறுக்கிடுவேன்' என்றார். கழிவைப் பற்றி அந்த அம்மாவுக்கு யாராவது ஏதாவது கற்றுக்கொடுத்தது என்றால் அது ஒன்றுதான்.

மூடி தளர்வாக இருந்திருந்தால் புகை வந்திருக்கும், டிரம் உப்பியிருக்காது. அதற்காக மூடியைத் தளர்வாக வைக்கச் சொல்ல முடியாது. விதி மூடித்தான் வைக்கச் சொல்கிறது. அவர் செய்தது, தெரிந்த மட்டும் சரியான காரியம்.

அந்த டிரம் எப்படிக் 'காலி' ஆனது? கழிவு லோரி வருவதற்கு முன் பாதி நிறைந்த டிரம்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். பம்ப் போட்டு உறிஞ்சிய பிறகும் அடியில் சில லிட்டர் அமிலம் தங்கும். நேர்க்குழாய் அந்த மூலைக்கு எட்டாது. டிரம்மைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று தாளைக் கிழித்துவிட்டு, யாரோ மார்க்கரில் எழுதிவிட்டார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை, நானும் தோண்டவில்லை. விதிமுறைப்படி, ரசாயனம் ஒட்டிய வெற்று டிரம்மே எஸ்டபிள்யூ 409 என்ற தனிக் கழிவு. அதற்கும் பெயர்த்தாள் வேண்டும், தேதி வேண்டும். அதாவது கழிவுக் கிடங்கில் காலி டிரம் என்று ஒன்று இருக்கவே முடியாது. பயிற்சி பெற்ற ஸ்டோர் ஆட்களுக்கு இந்த எண் தெரியும், தேர்வில் சரியாகவும் எழுதியிருந்தார்கள். கையில் மார்க்கர் இருக்கும்போது அது ஞாபகம் வரவில்லை.

விசாரணைக் கூட்டத்தில் ஒருவர், எல்லாம் மொழிப் பிரச்சினைதான், பலகைகளைத் தமிழிலும் எழுதி மாட்டினால் சரியாகிவிடும் என்றார். தமிழில் மாட்ட வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இந்த விபத்துக்கு அது காரணம் இல்லை. அக்கா வாசித்தது அவருக்கு நன்றாகப் புரிந்தது. எழுதியிருந்ததுதான் பொய். மொழியைக் காரணம் காட்டிவிட்டால் இருபது ரிங்கிட் பலகையோடு வேலை முடிந்துவிடும், அதனால்தான் எல்லாருக்கும் அந்த விளக்கம் பிடித்துப்போகிறது.

வாளியின் பின்னால் நடந்தது

பயிற்சியைத் திருத்துவதற்கு முன், பட்டியலைத் திருத்தினேன். அலுவலகத்தில் உட்கார்ந்து பதவிப் பெயரைப் பார்த்துப் பட்டியல் போட்டால் இதே கதைதான் வரும். அதனால் ஐபிஏ வாளி மேசையில் நிரம்புவதில் தொடங்கி, கழிவு லோரியில் ஏறும்வரை கூடவே நடந்தேன். எந்தெந்தக் கை தொடுகிறதோ அந்த ஆளின் பெயரை எழுதிக்கொண்டேன்.

லைன் ஆபரேட்டர்கள், துப்புரவு அக்காமார்கள், சாவி வைத்திருக்கும் இரவுக் காவலர்கள், ஸ்டோர் ஆட்கள், ஃபோர்க்லிஃப்ட் தம்பிமார்கள். இதுவரை எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காத ஆட்களும் வந்தார்கள். புகைபோக்கி வடிகட்டியைக் கழற்றிக் கழுவும் பராமரிப்புக்காரர் ஒருவர். அந்த வடிகட்டியும் கழிவுதான், எஸ்டபிள்யூ 410. லைனில் துடைத்த மஜுன் துணிகளை (துடைக்க வைத்திருக்கும் கந்தல் துணிகள்) மூட்டை கட்டி, துவைத்துத் திரும்ப உபயோகிக்கலாமே என்று வீட்டுக்கு எடுத்துப்போய்க் கொண்டிருந்த இன்னொருவர். அவரைக் கண்டுபிடித்தது பெரிய விஷயம், ஏனென்றால் அந்தத் துணியை அவர் மனைவிதான் துவைத்திருக்கிறார். அவருடைய குழந்தைகளின் பள்ளிச் சீருடையும் அதே துவைக்கும் இயந்திரத்தில்தான் போயிருக்கிறது.

ஒப்பந்த ஆட்களைச் சேர்க்கச் சொன்னதும் மனிதவளப் பிரிவு தயங்கியது. அவர்கள் நம் ஆட்கள் இல்லையே, நேரத்துக்கு யார் சம்பளம் கொடுப்பது என்ற கேள்வி. இங்கே சட்டம் கைகொடுத்தது. 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தன் மேற்பார்வையில் வேலை செய்யும் ஒப்பந்த ஆட்களின் பாதுகாப்பும் வேலையைக் கொடுக்கும் தலைமைக் கம்பெனியின் பொறுப்பு என்று அது சொல்கிறது. அபராத வரம்பு 500,000 ரிங்கிட்வரை உயர்ந்திருக்கிறது. முதலாளி அந்தத் தொகையைக் கேட்டதும், ஓவர்டைம் கணக்கு எவ்வளவு வரும் என்று விசாரித்தார். அதோடு விவாதம் முடிந்தது.

மஞ்சள் கரைசலும் தண்ணீர் டிரம்மும்

பழைய பயிற்சி குளிர்சாதன அறையில், திரையில் படம் காட்டி நடந்தது. முதல் படமே கிம் கிம் ஆறு. 2019 மார்ச் மாதம் பாசிர் கூடாங்கில் அந்த ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டியதில் ஆயிரக்கணக்கானவர்கள் பாதிக்கப்பட்டார்கள், 111 பள்ளிக்கூடங்களை மூட வேண்டியதாயிற்று. மலேசியாவில் இந்தத் துறையில் பயிற்சி கொடுக்கும் பாதிப் பேர் அதில்தான் தொடங்குகிறார்கள். நடந்தது பெரிய கொடுமை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் முதல் படமாக வைத்தால், கேட்பவர் மனதில் ஆபத்தான கழிவு என்பது ராத்திரியில் ஆற்றங்கரைக்கு லோரி ஓட்டிப்போகும் திருட்டு ஆட்கள் சம்பந்தப்பட்ட விஷயமாகப் பதிந்துவிடுகிறது. நாம்தான் அப்படிச் செய்வதில்லையே என்று அவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். அந்தப் படத்தை எடுத்துவிட்டேன்.

புதிய பயிற்சி கிடங்கு வாசலில் நடந்தது, ஷிஃப்ட் மாறும் நேரத்தில், சின்னச் சின்னக் குழுவாக. தமிழ்க் குழுவை நான் பார்த்துக்கொண்டேன். நேப்பாள, வங்காளதேசத் தொழிலாளர்களுக்கு மலாயில் இன்னொருவர், கூடவே அவர்களில் மொழி தெரிந்த ஒருவர்.

முதலில் கையுறை. மஞ்சள்தூளை எண்ணெயில் குழைத்துக் கையுறையின் மேல் நன்றாகப் பூசச் சொன்னேன். இப்போது கழற்றுங்கள், கையிலோ சட்டையிலோ மஞ்சள் படக்கூடாது. படாதவர் யாரும் இல்லை. பெரும்பாலானவர்கள் விரல்நுனியைப் பல்லால் பிடித்து இழுத்தார்கள். ஒருவர் உதட்டோரம் மஞ்சள். சிரிப்பு அடங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு மெதுவாகச் செய்து காட்டினேன்: ஒரு கையுறையின் மணிக்கட்டு மடிப்பை வெளிப்பக்கமாகக் கிள்ளி உள்வெளியாக உரித்து, அதை மற்ற கையின் உள்ளங்கையில் உருட்டிப் பிடித்து, வெறும் விரலை இரண்டாவது கையுறையின் உள்பக்கம் நுழைத்து அதையும் உரித்துவிட வேண்டும். எல்லாரும் மஞ்சள் படாமல் கழற்றும்வரை திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னேன். சட்டையில் மஞ்சள் பட்ட அக்கா ஒருவர், இனிமேல் துணி துவைக்க நீதான் வரணும் என்று ஏசினார்.

அதே மேசையில் கையுறை வகைகளையும் வைத்தேன். அந்தக் கம்பெனியில் எல்லாவற்றுக்கும் மெல்லிய நீல நைட்ரைல் கையுறைதான். ஐபிஏவுக்குச் சரி. அசிட்டோன் என்ற வேறொரு கரைப்பானில் கையுறையின் ஒரு விரலை வெட்டிப் போட்டுக் காட்டினேன். நிமிடங்களில் ஊதி நெகிழ்ந்துவிட்டது. அடர் நைட்ரிக் அமிலத்துக்கும் அது தாங்காது. தடித்த, முழங்கைவரை வரும் வேறு வகை வேண்டும். முகக்கவசமும் அப்படித்தான். தூசிக்கு வைத்த என்95 வாயுவைத் தடுக்காது என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. வடிகட்டிக் குடுவை வைத்த கவசம் இருந்தால்கூட, பழுப்புப் புகையைப் பார்த்தால் அதைத் தேடி ஓட வேண்டாம், வெளியே ஓடுங்கள் என்றேன்.

பாதுகாப்புக் கவசத்தைப் பற்றி இவ்வளவுதான் பேசினேன். பல பயிற்சிகளில் நேரத்தில் பாதி இதற்கே போகிறது, ஏனென்றால் இது புகைப்படத்துக்கு அழகு. அக்கா அன்று முழுக் கவசம் போட்டு ஊற்றியிருந்தாலும் டிரம் உப்பத்தான் செய்திருக்கும்.

அடுத்து கசிவு ஒத்திகை. டிரம்மில் வண்ணம் கலந்த தண்ணீரை நிரப்பி, சொல்லாமல் கொள்ளாமல் சாய்த்துவிட்டேன். எல்லாரும் ஓடிப்போய் எடுத்தது மரத்தூள். விபத்துக்குப் பிறகும்கூட. இயந்திர எண்ணெய் சிந்தினால் மரத்தூள் போடுவது இங்கே எந்தப் பட்டறையிலும் பழக்கம், கை தானாகப் போகிறது. நைட்ரிக் அமிலத்தின் மேல் மரத்தூளோ துணியோ பட்டால் சூடேறித் தீப்பிடிக்கலாம். அதனால் அந்தக் கிடங்கில் மரத்தூளே இல்லாமல் செய்துவிட்டோம். காய்ந்த மணலும், அமிலத்தை அடக்கச் சோடா சாம்பலும், ரசாயனக் கசிவுக்கான உறிஞ்சு பொருளும் வைத்தோம். கையின் பழக்கத்தை வாயால் சொல்லி மாற்ற முடியாது என்பது என் அனுபவம். தப்பான பொருளை அந்த இடத்திலிருந்தே எடுத்துவிடுவது சுலபம்.

ஆனால் மணலை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது வேறு. பின்வாங்கு, சத்தம் போடு, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்து அந்தப் பக்கமாகப் போ. கிடங்கின் வேலியில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டோம். பிறையில் காற்று காலையில் ஒரு மாதிரி, மாலையில் வேறு மாதிரி அடிக்கும். ரிப்பனைப் பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும். உப்பிய டிரம், சூடான டிரம், சத்தம் போடும் டிரம் என்றால் தூக்குவதும் கிடையாது, திறப்பதும் கிடையாது. ஆட்களை நகர்த்த வேண்டும். டிரம் அங்கேயே இருக்கட்டும். பாதிக்கப்பட்டவரோடு கிளினிக்குக்குப் போகிறவர் கையில் ரசாயனத்தின் பெயர் எழுதிய தாள் இருக்க வேண்டும், புகையின் நிறத்தைச் சொல்ல வேண்டும்.

முடியாது என்று சொல்லிப் பழகுதல்

இதற்குத்தான் அதிக நேரம் ஆனது. இரண்டு விதிகளை நிர்வாகம் ஒத்துக்கொண்டது. பெயர்த்தாள் இல்லாத எந்தப் பாத்திரத்திலும் எதையும் ஊற்றக் கூடாது. ஊற்ற இடம் இல்லையென்றால் வாளி மூடியோடு லைன் மேசையிலேயே நிற்கும். காலையில் சூப்பர்வைசர் வந்து பார்த்துக்கொள்வார்.

விதியைச் சொல்வது ஒரு நிமிட வேலை. அதை ஒரு துப்புரவு அக்கா, தன்னைவிட எத்தனையோ படி மேலே இருக்கும் ஒருவரிடம், ராத்திரி ஷிஃப்டில் தனியாக நின்று சொல்ல வேண்டும். நடித்துப் பார்க்கலாம் என்றேன். லைன் ஆபரேட்டர் வாளியை நீட்டினார். அக்கா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். இல்லை அக்கா, வாங்கக் கூடாது என்றேன். 'அவர்கிட்ட எப்படிப்பா முடியாதுன்னு சொல்றது? நாளைக்கு ஆளை மாத்துன்னு ஒரு போன் போட்டா என் கதை என்ன?' என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லவில்லை. அது நான் சொல்லக்கூடிய பதில் இல்லை. ஆலை மேலாளரைக் கூப்பிட்டு அதே கேள்வியை அவரிடம் கேட்கச் சொன்னேன். எல்லார் முன்னாலும் அவர், கழிவை மறுத்ததற்காக ஆளை மாற்றச் சொல்லி யார் போன் போட்டாலும் அந்தப் போன் தனக்கு வர வேண்டும் என்றும், அதை எழுத்தில் ஒப்பந்தக் கம்பெனிக்கு அனுப்புவதாகவும் சொன்னார். அனுப்பவும் செய்தார்.

அதற்குப் பிறகு அக்கா இன்னொரு முறை நடித்தார். குரல் சன்னமாக இருந்தாலும் சொல்லிவிட்டார்: 'தாள் ஒட்டல, எடுத்துட்டுப் போக மாட்டேன்.'

ஃபோர்க்லிஃப்ட் தம்பிக்கும் இதே ஒத்திகை. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி நடவடிக்கை எடுக்கவில்லை என்றால் அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. இதே திருத்தத்தில் வந்ததுதான். அவனுக்கு இது தெரியாது. சூப்பர்வைசருக்கும் தெரியாது. சூப்பர்வைசர்தான் முகம் சுருங்கி உட்கார்ந்திருந்தார். லைனை நிறுத்தினால் கேள்வி கேட்கப்படுவது அவர்தான் என்பதை யாரும் பேசவில்லை. அவருக்காகவும் ஒரு வரி எழுதி வாங்கினோம்: கழிவுக் கிடங்கு காரணமாக லைன் நின்றால் அந்த நேரம் அவருடைய உற்பத்திக் கணக்கில் சேராது. அந்த ஒரு வரியை வாங்க மற்ற எல்லாவற்றையும்விட அதிகக் கூட்டம் போட வேண்டியிருந்தது.

இப்போதைய நிலை

சில மாதம் கழித்து ஒரு காலையில் லைன் மேசையில் மூடிய வாளி ஒன்று நின்றது. இரவு இரும்பு டிரம் நிறைந்துவிட்டதாம், புது டிரம்மில் தாள் ஒட்டியிருக்கவில்லையாம். சூப்பர்வைசர் அதைப் பார்த்து முணுமுணுத்தார், லைன் ஏறத் தாமதமானது, ஸ்டோர் அண்ணன் தாள் ஒட்டிய டிரம்மைக் கொண்டுவந்த பிறகு ஊற்றினார்கள். உள்ளே இருந்தது வழக்கமான ஐபிஏதான்.

டிரம்களைச் சேர்க்கும் வேலையை ஸ்டோரில் நிறுத்திவிட்டார்கள். பாதி டிரம் பாதியாகவே லோரி ஏறுகிறது, அனுப்பும் செலவு கூடியிருக்கிறது. உறிஞ்சி முடித்த டிரம்முக்கு உடனே 409 தாள் ஒட்டுகிறார்கள். கிடங்கில் மார்க்கர் பேனா கிடையாது.

சரியாகாததும் இருக்கிறது. இரவுக் காவலர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். புதிதாக வருபவருக்குப் பயிற்சி கொடுப்பதற்குள் அவர் வேறு இடத்துக்குப் போய்விடுகிறார். சாவியைக் காவலரிடமிருந்து எடுத்து இரவு சூப்பர்வைசரிடம் கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன், இன்னும் பேச்சு நடக்கிறது. துப்புரவு ஒப்பந்தம் இந்த ஆண்டு முடிகிறது. புது ஒப்பந்தத்தில் கழிவுப் பயிற்சிக்கான நேரத்தையும் சம்பளத்தையும் தனி வரியாகச் சேர்த்திருக்கிறார்கள். விலை கேட்டு வந்த கம்பெனிகளில் குறைந்த விலை சொன்னவர் அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறார். கொள்முதல் பிரிவு அவரைத் தள்ளுவதா, அந்த வரியை நிரப்பித் திரும்ப அனுப்பச் சொல்வதா என்று பொறியாளரிடம் கேட்டிருக்கிறது. நிரப்பி அனுப்பச் சொல்லுங்கள், ஆட்களின் பெயர்ப்பட்டியலோடு என்று அவர் பதில் எழுதியிருக்கிறார்.